செம்பும் சித்தமும்

உடம்பில் வரும் நோயைப் பற்றிப் பேச நம்மவர் தயங்குவதில்லை. சர்க்கரையின் அளவையும் இரத்த அழுத்தத்தின் அளவையும் மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழையிலை வாங்கும் நேரத்திலேயே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் வீட்டில் ஒருவருக்குச் சித்தம் கலங்கிற்று என்றால் நம் குரல் தாழ்ந்துவிடுகிறது. பிள்ளை எங்கே என்று கேட்பவர்க்கு, "ஊருக்குப் போயிருக்கிறான்" என்று விடை சொல்கிறோம். தங்கைக்கு வரன் பார்க்கும் வேளையாயின், அண்ணன் ஒருவன் இருக்கிறான் என்பதையே சிலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

இந்த மௌனத்தைப் பற்றியே இவ்விதழில் எழுத விரும்புகிறோம். மனநோய் என்று நாம் அஞ்சி மறைப்பவற்றுள் ஒரு சில, உடம்பில் பிறவியிலேயே ஏற்பட்ட ஒரு குறையின் விளைவாக இருக்கக்கூடும். அக்குறையை இரத்தத்திலும் சிறுநீரிலும் கண்டறிய முடியும். அவற்றுள் சிலவற்றுக்கு நல்ல மருந்தும் உண்டு. அதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு: அண்ணனின் நோயை மறைப்பதால் ஆபத்துக்கு உள்ளாகிறவள், எவளுடைய நலத்துக்காக அதை மறைக்கிறோமோ அந்தத் தங்கையே ஆகலாம்.

நொதி என்பது யாது?

நாம் உண்ணும் உணவு உடம்பில் பற்பல மாறுதல்களை அடைந்தே இரத்தமாகவும் தசையாகவும் அறிவுக்கு இடமான மூளையாகவும் ஆகிறது. ஒவ்வொரு மாறுதலையும் நடத்தி வைக்க ஒரு பொருள் வேண்டும். அதனை நொதி என்பர். ஆங்கில மருத்துவர் என்ஸைம் என்பர். எந்த நொதியை எவ்வாறு செய்வது என்னும் குறிப்பு தாயிடமிருந்து ஒரு பிரதியும் தந்தையிடமிருந்து ஒரு பிரதியுமாக நமக்கு வந்து சேர்கிறது. இக்குறிப்பையே மரபணு என்கிறோம்.

நொதி ஒன்று குறைந்தால் நேரும் தீங்கை நம் ரெயில் பாதையைக் கொண்டே விளக்கலாம். கோட்டைப் பக்கம் செல்லும் மின்சார வண்டிகளுக்கு மாட்டுங்காவில் வழி அடைபட்டது என்று வைத்துக்கொள்வோம். சயானில் வண்டிமேல் வண்டியாகத் தேங்கும். தாதரில் வண்டியே இராது. உடம்பிலும் அவ்வாறே. அடைப்புக்கு முன்னே ஒரு பொருள் அளவுக்கு மீறித் தேங்கி நஞ்சாகும். அடைப்புக்குப் பின்னே வேண்டிய பொருள் கிடைக்காமற் போகும். இவ்விரண்டில் ஒன்றோ இரண்டுமோ நோய்க்குக் காரணம் ஆகலாம்.

இவ்வுண்மையின் அடிப்படையை முதலில் உணர்ந்தவர் ஆர்ச்சிபால்டு காரட் என்னும் ஆங்கில மருத்துவர். சிறுநீர் கறுத்துப்போகும் ஓர் அரிய குறையைப் பற்றி அவர் 1902-இல் எழுதினார். அக்குறை உடைய குழந்தைகளுள் பலருடைய பெற்றோர் ஒருவருக்கொருவர் நெருங்கிய உறவினர் என்பதை அப்போதே அவர் கவனித்துச் சொன்னார். உறவில் மணம் செய்துகொள்ளும் வழக்கமுடைய நாம் இதை மனத்தில் இருத்த வேண்டும்.

நொதிக் குறையெல்லாம் கொடியது என்று எண்ணிவிட வேண்டா. நம் நகரின் பெயரையே தாங்கிய இரத்தப் பிரிவு ஒன்று உண்டு. 1952-இல் டாக்டர் பெண்டே முதலியோர் இங்கே கண்டறிந்து உலகுக்கு அறிவித்த 'பம்பாய் இரத்தப் பிரிவு' அது. ஒரு நொதி பிறவியிலேயே செயற்படாமையால் உண்டாவது அது. அப்பிரிவினர் நம்மைப் போலவே நலமாக வாழ்கின்றனர்; இரத்தம் ஏற்ற வேண்டிய காலத்தில் மட்டும் தம் பிரிவு இரத்தத்தையே தேட வேண்டியவராகின்றனர். ஆகவே பிறவிக் குறை என்பது பழியன்று. அறிந்து வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி, அவ்வளவே.

சித்தத்தைத் தொடும் குறைகள்

மூளையும் உடம்பின் ஓர் உறுப்பே. இரத்தத்தில் நஞ்சு தேங்கினாலும் வேண்டிய பொருள் குறைந்தாலும் அது தன் துன்பத்தைச் சினமாகவும் சோர்வாகவும், இல்லாத குரல்களைக் கேட்பதாகவும் வெளிப்படுத்தலாம்.

1975-இல் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு சிறுமியைப் பற்றி எழுதினார்கள். அறிவு வளர்ச்சி சற்றுக் குன்றிய அவளுக்குச் சித்தப்பிரமையின் குறிகள் தோன்றியிருந்தன. ஆராய்ந்தபோது, ஃபோலிக் அமிலம் என்னும் வைட்டமினை உடம்புக்குப் பயன்படும் வடிவுக்கு மாற்றும் நொதி அவளிடம் குறைந்திருந்தது தெரிந்தது. அவ்வைட்டமினையே மருந்தாகக் கொடுத்தபோது அவள் சித்தம் தெளிந்தது. இத்தகையோர் மிக அரியர். சித்தப்பிரமை உடையார் எல்லார்க்கும் இவ்வைட்டமின் மருந்தாகாது. எனினும் மனத்தின் கலக்கத்துக்கு உடம்பின் வேதியியலும் காரணம் ஆகலாம் என்பதை இச்செய்தி ஐயமின்றிக் காட்டுகிறது.

செம்பு தேங்கும் நோய்

இவ்வகை நோய்களுள் நம்மவர் முதலில் அறிய வேண்டியது வில்சன் நோய். கின்னியர் வில்சன் என்னும் மருத்துவர் 1912-இல் இதனை விரித்து எழுதியமையால் அவர் பெயரைப் பெற்றது. அவர் எழுதிய பன்னிரண்டு நோயாளிகளுள் எட்டுப் பேரிடம் மனக் கோளாறும் காணப்பட்டது.

நம் உணவில் செம்பு மிகச் சிறிய அளவில் இருக்கிறது. அது உடம்புக்கு வேண்டியதே. மிஞ்சிய செம்பைக் கல்லீரல் பித்தநீரோடு வெளியே தள்ளிவிடும். அவ்வாறு தள்ளும் நொதிக்குரிய மரபணு 1993-இல் கண்டறியப்பட்டது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற பிரதியையே பெற்ற குழந்தைக்கு அந்நொதி சரிவர வேலை செய்வதில்லை. செம்பு முதலில் கல்லீரலிலும் பின்னர் மூளையிலும் கண்ணின் கருவிழியிலும் படிகிறது. உலகில் ஏறக்குறைய 30,000 பேரில் ஒருவர்க்கு இந்நோய் உண்டு என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். இது எவரையும் சுட்டுவதன்று. பதினாறு வயதுப் பையன், நன்றாகப் படித்தவன். ஓராண்டாகக் கையெழுத்துக் கோணிப் போகிறது. மதிப்பெண் குறைகிறது. காரணமின்றிச் சினம் கொள்கிறான், காரணமின்றிச் சிரிக்கிறான். தகப்பனார் செல்போன்மேல் பழி போடுகிறார். தாயார் கூடாத சேர்க்கை என்கிறார். ஊருக்கு அழைத்துச் சென்று குலதெய்வத்துக்கு வேண்டிக்கொள்கிறார்கள். பிறகு பேச்சுக் குழறுகிறது, வாயில் எச்சில் ஒழுகுகிறது, கை நடுங்குகிறது. மனநோய்க்கு மருந்து கொடுத்தால் உடம்பு மரம்போல் விறைத்துப் போகிறது. சிறு வயதில் அவனுக்கு வந்து போன காமாலையை அப்போது எவரும் நினைவுகூர்வதில்லை. வில்சன் நோய் இவ்வாறும் வரும். கை நடுங்குவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே மனக் கோளாறு மட்டும் தோன்றுவதும் உண்டு.

இஃது எங்கோ மேனாட்டில் மட்டும் காணும் நோயன்று. நம் நகரின் ஜே.ஜே. மருத்துவமனையைச் சார்ந்து ஆராய்ந்த டாக்டர் தஸ்தூர், டாக்டர் மங்கானி, டாக்டர் வாடியா ஆகியோர் இந்தியாவில் இந்நோய் கண்ட 16 குடும்பங்களைப் பற்றி 1968-இல் கட்டுரை வெளியிட்டனர். பெங்களூரு நிமான்ஸ் நிறுவனத்தார் முப்பது ஆண்டுகளில் தாம் கண்ட 282 நோயாளிகளைப் பற்றி 2007-இல் எழுதினர். அவர்களுள் பத்தில் ஏழு பேர்க்கு நரம்புக் குறிகளே முதன்மையாக இருந்தன. மனக் கோளாறு மட்டுமே தோன்றியவர் 7 பேர். அந்த ஏழு பேருடைய கண்ணையும் இரத்தத்தையும் எவரும் பாராது விட்டிருந்தால், அவர்கள் வாழ்நாள் முழுவதும் மனநோயாளர் என்றே எண்ணப்பட்டிருப்பார்கள்.

சோதனையோ அரிதன்று. கண் மருத்துவர் தம் விளக்குக் கருவியால் கருவிழியின் ஓரத்தில் பழுப்பும் பச்சையும் கலந்த வளையம் உண்டா என்று பார்ப்பார். மூளை தாக்குண்டவர்களில் பெரும்பாலோர்க்கு அது காணப்படும். இரத்தத்தில் செருலோபிளாஸ்மின் என்னும் பொருளின் அளவையும், ஒரு நாள் முழுவதும் சேர்த்த சிறுநீரில் செம்பின் அளவையும் காண்பர். ஐயம் தீர வேண்டின் மரபணுச் சோதனையும் உண்டு.

மருந்தும் உண்டு. 1956-இல் ஜான் வால்ஷ் என்னும் ஆங்கில மருத்துவர், பெனிசில்லமின் என்னும் மருந்து உடம்பிலுள்ள செம்பைப் பிடித்துச் சிறுநீர் வழியே வெளியேற்றும் என்று காட்டினார். அதுவரை இந்நோய் பெரும்பாலும் சாவிலேயே முடிந்தது. பிற்காலத்தில் டிரையென்டின் என்னும் மருந்தும், செம்பு குடலில் ஏறாதபடி தடுக்கும் துத்தநாக உப்பும் வந்தன. கல்லீரல் முற்றும் கெட்டவர்க்கு மாற்று ஈரல் வைக்கும் சிகிச்சையும் நடைபெறுகிறது. குறிகள் தோன்றுமுன் மருந்தைத் தொடங்கியவர், அதனை விடாது உட்கொண்டால் மற்றவரைப் போலவே படித்து, வேலை பார்த்து, மணம் செய்து வாழலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். உடம்பு தேறிவிட்டது என்று எண்ணி மருந்தை நிறுத்தினால் செம்பு மறுபடியும் தேங்கும். கல்லீரல் திடீரெனக் கெட்டு உயிருக்கே கேடு வரலாம். கர்ப்ப காலத்திலும் மருத்துவரைக் கேளாமல் நிறுத்தலாகாது. இம்மருந்து வாழ்நாள் மருந்து. அடுக்களையிலும் ஒரு கவனம் வேண்டும். செப்புக் குடத்தில் நீர் வைத்துப் பருகும் வழக்கம் நம் வீடுகளில் மறுபடியும் பரவியிருக்கிறது. செப்புக் குடத்தால் இந்நோய் வருவதில்லை; ஆனால் இந்நோய் உள்ளவர் அந்நீரைப் பருகலாகாது. ஈரல் கறி, நண்டு, முந்திரி முதலிய கொட்டைகள், காளான், சாக்லெட் இவற்றையும் மருத்துவர் சொன்னபடி குறைத்துக்கொள்ள வேண்டும்.

விரதமும் ஒரு நோயும்

போர்ஃபிரியா என்பது வேறொரு வகை. இரத்தத்துக்குச் செந்நிறம் தரும் பொருளை உண்டாக்கும் நொதித் தொடரில் ஒன்று அரையளவே வேலை செய்வதால் இது வருகிறது. இதன் ஒரு வகையில், பருவமடைந்த பின்னர், பெரும்பாலும் பெண்களுக்கு, திடீரெனத் தாங்கொணா வயிற்றுவலி வரும். அதனோடு உறக்கமின்மை, அச்சம், பிதற்றல், கை கால் தளர்ச்சி ஆகியவையும் சேரலாம். வயிற்றைச் சோதித்தால் ஒன்றும் தெரியாது. "நடிக்கிறாள்" என்று மாமியார் சொல்லவும், "பேய் பிடித்தது" என்று அண்டை வீட்டார் சொல்லவும் இடமுண்டாகிறது. சிறுநீரை ஒரு கண்ணாடிக் குப்பியில் ஏந்தி வெளிச்சத்தில் வைத்தால் அது செந்நிறமாகக் கருகுவதைப் பலரிடம் காணலாம்.

இராஜஸ்தானத்தின் பிகானேர்ப் பகுதியிலிருந்து இந்நோயாளர் பலரைப் பற்றி மருத்துவர்கள் எழுதியுள்ளனர். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் சித்தக் கலக்கத்துக்கும் இதுவே காரணம் என்று 1966-இல் இருவர் எழுதினர். பின்வந்தோர் பலர் அதனை மறுக்கின்றனர்.

நம் இல்லத்தரசிகள் இந்நோயைப் பற்றி அறிய வேண்டியது ஒன்றுண்டு. நெடுநேரம் பட்டினி கிடப்பதே இதனைக் கிளப்பிவிடும். ஏகாதசியும் சஷ்டியும் இருப்பவர்க்கு ஒவ்வொரு விரதத்தின் பின்னும் வயிற்றுவலியும் மனக் கலக்கமும் வருமாயின், அதனைத் தெய்வக் குற்றம் என்று எண்ணாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சில தூக்க மருந்துகளும் சில வலிப்பு மருந்துகளும் இதனைக் கிளப்பும். ஆகவே நோய் இன்னதென்று தெரிந்தவர் எந்த மருத்துவரிடம் சென்றாலும் அதனை முதலிலேயே கூற வேண்டும். நோய் கிளம்பியபோது குளுகோஸும் ஹீமின் என்னும் மருந்தும் உதவுகின்றன.

மணமும் கணக்கும்

இனி நாம் சொல்ல வந்த செய்திக்கு வருவோம். வில்சன் நோய் போன்றவற்றில் ஒரு பழுதுப் பிரதியை மட்டும் பெற்றவர்க்கு நோய் வருவதில்லை. அவர் அதனைத் தாங்கி நிற்பவரே. ஏறக்குறைய 90 பேரில் ஒருவர் அவ்வாறு தாங்கி நிற்கிறார். தாங்கி நிற்கும் இருவர் மணந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

முறை மாப்பிள்ளை, முறைப்பெண் என்னும் வழக்கம் நம் உறவைக் கட்டிக் காத்த வழக்கம். அதனை இகழ்வது எம் நோக்கமன்று. உறவில் மணந்தோர் பெரும்பாலோர்க்கும் நலமான குழந்தைகளே பிறக்கின்றனர். ஆயினும் ஒரு பாட்டனாரிடமிருந்த பழுதுப் பிரதி மகன் வழியும் மகள் வழியும் இறங்கி, உறவு மணத்தினால் ஒரே குழந்தையிடம் மறுபடியும் வந்து கூடலாம். 2019–21-இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி உறவு மணம் மிகுதியாகவுள்ள மாநிலம் தமிழ்நாடே. அங்கே மணமான பெண்களில் 28 சதவீதத்தினர் உறவில் மணந்தவர்கள். நாம் மும்பைக்கு வந்த பின்னும் பெண் எடுக்கவும் கொடுக்கவும் அங்கேதானே செல்கிறோம்!

மேலே சொன்ன பையனுக்கு ஒரு தங்கை உண்டென்று கொள்வோம். அவளுக்கும் நோய் இருப்பதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. வெளியே ஒரு குறியும் இல்லாமலே அவள் உடம்பில் செம்பு சேர்ந்துகொண்டிருக்கலாம். இப்போதே சோதித்து மருந்து கொடுத்தால் அண்ணனுக்கு வந்த துன்பம் அவளுக்கு வராமலே தடுக்கலாம். ஆனால் அவள் கல்யாணத்தை எண்ணி அண்ணனின் நோயை மறைக்கும் வீட்டில் அச்சோதனையை எவர் செய்விப்பார்?

சோதனையில் அவள் நலமானவள் என்று தெரிந்தால், அவள் குறையைத் தாங்கி நிற்பவளாக இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. அவள் உறவல்லாத ஒருவரை மணந்தால், அவள் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 540-இல் ஒன்று. தாய்மாமன் மகனை மணந்தால் 24-இல் ஒன்று. தாய்மாமனையே மணந்தால் 12-இல் ஒன்று. பெற்றோரும் உறவினராயின் பின்னிரண்டும் இன்னும் கூடலாம். உண்மையைச் சொன்னால் வெளியார் பெண் எடுக்கமாட்டார்கள் என்று அஞ்சி, உறவுக்குள்ளேயே விரைந்து முடித்துவிடும் குடும்பம், குறைந்த ஆபத்தை விட்டு மிகுந்த ஆபத்தைத் தேடிக்கொள்கிறது. பெண் கேட்டு வரும் வெளியாரும் இக்கணக்கை அறிந்தால் அஞ்சி ஓட வேண்டியதில்லை. தாங்கி நிற்பவர் எவர் எவர் என்று மரபணுச் சோதனையால் அறிந்துகொண்டால் அந்த ஐயமும் தீரும்.

நாம் செய்யத்தக்கவை

ஒன்று சொல்லிவிடுகிறோம். மனநோயாளர்களில் மிகப் பெரும்பாலோர்க்கு இத்தகைய நொதிக் குறை இல்லை. அவர்களுக்கு மனநல மருத்துவர் தரும் சிகிச்சையே வேண்டும். இக்கட்டுரையைப் படித்துவிட்டு எவரும் மருந்தை நிறுத்த வேண்டா.

ஆயின் மனக் கலக்கத்தோடு பின்வரும் குறிகளில் எதுவேனும் இருந்தால் மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும்: கை நடுக்கம், பேச்சுக் குழறல், எச்சில் ஒழுகுதல், கையெழுத்துச் சிதைவு, முன்னே வந்த காமாலை, காரணம் தெரியாத வயிற்றுவலி, சிறுநீர் கறுத்தல், வலிப்பு, இளவயதில் கண்வில்லை இடம் பெயர்தல், பட்டினியின் பின்னோ புதிய மருந்தின் பின்னோ நோய் மிகுதல், மனநோய் மருந்து சிறிதளவிலேயே உடம்பைப் பெரிதும் வருத்துதல், பெற்றோர் உறவினராதல், உடன்பிறந்தார் எவரேனும் இளமையில் ஈரல் நோயால் இறந்திருத்தல். "இஃது உடம்பின் நொதிக் குறையாக இருக்குமா, அதற்குச் சோதனை உண்டா?" என்று கேட்பதற்கு நாம் கூச வேண்டியதில்லை.

கேட்பதற்கு நெடுந்தூரம் போகவும் வேண்டா. சயான் மருத்துவமனை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பரேலில் கே.இ.எம். மருத்துவமனையும் பைகுல்லாவில் ஜே.ஜே. மருத்துவமனையும் உள்ளன. மூன்றும் பொது மருத்துவமனைகள்.

வெளியூர் வந்து குடியேறிய நமக்குத் தனியாக ஒரு குறை உண்டு. "குடும்பத்தில் வேறு எவர்க்கேனும் இப்படி இருந்ததா?" என்று மருத்துவர் கேட்கிறார். இங்கே பிறந்த நம் பிள்ளைகள், "இல்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் அவர்களுக்குத் தெரியாது. திருநெல்வேலியிலோ பாலக்காட்டிலோ இருபது வயதில் காமாலையால் இறந்த சிற்றப்பாவையும், கிணற்றில் விழுந்தாள் என்று சொல்லப்பட்ட அத்தையையும் அறிந்தவர் வீட்டில் பாட்டி ஒருவரே. அவர் இருக்கும்போதே அவர் அருகில் அமர்ந்து, மூன்று தலைமுறைக்கு வமிசப் பட்டியல் ஒன்றை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். யார் யாரை மணந்தார், எந்த உறவு, யார் எந்த வயதில் எவ்வாறு இறந்தார், யார்க்கு மனம் கலங்கிற்று என்பவற்றை ஒளிக்காமல் குறிக்க வேண்டும். ஒரு தாளில் அடங்கும் அப்பட்டியல் மருத்துவர்க்குப் பெருந்துணையாகும்.

இறைவனை வேண்டுவோர் வேண்டுக. வேண்டிவிட்டு வரும் வழியில் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கும் செல்லுக. அண்ணனோடு தங்கையையும் அழைத்துச் செல்லுக. நம் வீடுகளில் சாத்திய கதவுகளில் ஒன்றேனும் இதனால் திறக்குமாயின், இதை எழுதிய பயனை நாம் பெற்றவராவோம்.